ஏவுகணை இருக்க சிப்பாய் எதற்கு?

கேள்வி இதுதான்: "பிரம்மோஸ் மாதிரி ஏவுகணைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒரு கட்டடத்தைக் குறி தவறாமல் அடிக்கின்றன. அப்படியிருக்க, லட்சக்கணக்கில் தரைப்படை வீரர்களை வைத்துக்கொண்டு சம்பளமும் பென்ஷனும் கொடுப்பது எதற்கு? அந்த வேலையை ஏவுகணைகளே செய்துவிடாதா?"

இதே கேள்வியை எங்கள் தெருக்காரர் ஒருவரும் கேட்டார். 2025 மே மாதம், இந்தியா பாகிஸ்தானைத் தாக்கிய ஆபரேஷன் சிந்தூர் நடந்த வாரம். அவருடைய மகன் ராணுவ ஆள்சேர்ப்புக்காக விடியற்காலையில் பள்ளி மைதானத்தில் 1,600 மீட்டர் ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். டீக்கடை டிவியில் தாக்குதலின் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பட்டனைத் தட்டினா முடிஞ்சுபோகுது, இவன் எதுக்குங்க நாயா ஓடறான்?" என்றார். அன்றைக்கு நான் சொன்னது அரைகுறைப் பதில். இது கொஞ்சம் நிதானமான பதில்.

தரைப்படையின் இடத்தை ஏவுகணை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இத்தோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். தரைப்படை செய்துவந்த சில வேலைகளை ஏவுகணை உண்மையாகவே பிடுங்கிக்கொண்டுவிட்டது. எவற்றைப் பிடுங்கியது, எவற்றைத் தொடவே முடியவில்லை என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

1971 டிசம்பரில் நடந்த இந்தியா-பாகிஸ்தான் போரில் தொடங்குகிறேன். இரண்டு வேலைகளும் அந்த ஒரே போரில் பக்கத்துப் பக்கத்தில் தெரிகின்றன. டிசம்பர் 4 இரவு நிபாத், நிர்காட், வீர் என்ற மூன்று சின்ன ஏவுகணைப் படகுகள் கராச்சியை நெருங்கின. சோவியத் தயாரிப்பான ஸ்டிக்ஸ் ஏவுகணைகளை விட்டன. கைபர் என்ற நாசகாரிக் கப்பல் மூழ்கியது, முஹாஃபிஸ் என்ற கண்ணிவாரிக் கப்பல் மூழ்கியது. நம் பக்கம் ஓர் உயிர்ச்சேதம்கூட இல்லை. நான்கு நாள் கழித்து வினாஷ் என்ற படகு போய் விட்ட ஏவுகணைகளில் கீமாரி எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. டிசம்பர் 4ஐக் கடற்படை தினமாகக் கொண்டாடுவது இதற்காகத்தான். ஏவுகணையின் திறமைக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடக் கஷ்டப்பட வேண்டும்.

ஆனால் அந்தப் போர் கராச்சிக்காக நடக்கவில்லை, அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகரான டாக்காவுக்காக நடந்தது. அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் மேக்னா ஆற்றை ஹெலிகாப்டரிலும் படகிலும் கடந்து, சேற்றில் நடந்து போனவர்கள். ஒரு பிரிவு டாங்கைலில் பாராசூட்டில் குதித்தது. டிசம்பர் 14 அன்று மிக் விமானங்கள் ஆளுநர் மாளிகை மீது ராக்கெட்டுகளை விட்டன. ஆளுநர் மாலிக் ராஜினாமா செய்தார். சரி, அப்படியானால் ராக்கெட்தானே முடித்து வைத்தது என்று கேட்கலாம். ராஜினாமா வந்ததே தவிர சரணாகதி வரவில்லை. அங்கிருந்த பாகிஸ்தான் படையின் தளபதி நியாஸி போர்நிறுத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தார். 16ஆம் தேதி காலை இந்தியப் படை டாக்காவின் வாசலில், மீர்பூர் பாலத்துப் பக்கம் வந்து நின்றது. அன்று மாலை கையெழுத்தாகிவிட்டது. 93,000 பேர் கைதானார்கள். அவ்வளவு பேரையும் எண்ணி, ஆயுதத்தை வாங்கி வைத்து, சோறு போட்டு, முகாமில் காவல் காத்து, பிறகு ஊருக்கு அனுப்பியதும் சிப்பாய்கள்தான். சரணடைவதற்கு எதிரே ஓர் ஆள் நிற்க வேண்டும். ஏவுகணையிடம் கையைத் தூக்கிக் காட்டி என்ன பிரயோஜனம்? (இதற்கு ஒரு விதிவிலக்கு அண்மையில் வந்திருக்கிறது, பிறகு சொல்கிறேன்.)

ஏவுகணையை நான் கூரியர் மாதிரி நினைத்துக்கொள்வேன். முகவரி சரியாக இருந்தால் எவ்வளவு தூரமானாலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். முகவரி மாறிவிட்டால் வெறும் செலவு. பாலம், விமானத்தளம், ரேடார், எண்ணெய்க் கிடங்கு, கப்பல் போன்றவற்றுக்கு முகவரி உண்டு. தோப்புக்குள் வலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நான்கு பேருக்கு முகவரி கிடையாது. இன்றைக்கு இங்கே இருப்பார்கள், நாளைக்கு அடுத்த தோப்பில் இருப்பார்கள். பிரம்மோஸின் முனையில் வைக்கும் வெடிபொருள் 200 முதல் 300 கிலோ. அந்த நான்கு பேரைத் தேடி அதை அனுப்பினால் கஜானாதான் காலியாகும்.

2017 ஏப்ரலில் அமெரிக்கா சிரியாவின் ஷைராத் விமானத்தளத்தின் மீது 59 டோமஹாக் ஏவுகணைகளை வீசியது. ஒன்று ஏறத்தாழ 20 லட்சம் டாலர், மொத்தத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அடித்தது எல்லாம் சரியாகத்தான் அடித்தது. ஆனால் ஒரே நாளில் அதே தளத்திலிருந்து விமானங்கள் மறுபடி கிளம்பின. ஓடுபாதையில் குழி விழுந்தாலும் மண்ணும் சிமெண்டும் போட்டு மூடிவிடலாம். மூட விடாமல் தடுக்க வேண்டுமென்றால் யாராவது அங்கேயே இருக்க வேண்டும்.

முகவரி தேடும் வேலை எவ்வளவு கஷ்டம் என்பதற்கு 1991 வளைகுடாப் போர். சதாம் உசேனின் படை லாரிகளில் ஸ்கட் ஏவுகணைகளை வைத்துக்கொண்டு மேற்கு இராக் பாலைவனத்தில் அலைந்தது. விடுவார்கள், சில நிமிடங்களில் லாரியைக் கிளப்பிக்கொண்டு ஏதாவது பாலத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வார்கள். கூட்டணி விமானங்கள் அந்த லாரிகளைத் தேடி ஏறத்தாழ 1,500 முறை பறந்தன. ஒரு லாரியைக்கூட அழித்ததாகப் பின்னால் உறுதிசெய்ய முடியவில்லை. பிப்ரவரி 25 அன்று ஒரு ஸ்கட் சவுதியின் தஹ்ரானில் படைவீரர்கள் தங்கியிருந்த கூடத்தில் விழுந்து 28 அமெரிக்கர்கள் இறந்தார்கள். விமானங்களை மட்டும் நம்ப முடியாமல் அந்தப் போரில் என்ன செய்தார்கள் தெரியுமா? பிரிட்டனும் அமெரிக்காவும் சிறப்புப் படையினரைப் பாலைவனத்துக்குள் அனுப்பி, நடந்தும் ஜீப்பில் போயும் தேட வைத்தன. ஏவுகணையைப் பிடிக்கவே ஆள் போக வேண்டியிருந்தது.

இது புதிய கதையும் இல்லை. 1944 செப்டம்பரில் ஹிட்லரின் வி-2 லண்டனில் விழத் தொடங்கியது. ஒலியைவிட வேகமாக வந்ததால் விழுந்து வெடித்த பிறகுதான் சத்தமே கேட்கும். இடைமறிக்க வழியே கிடையாது. 3,000க்கும் மேல் ஏவினார்கள். 1945 மார்ச் 27க்குப் பிறகு அது வரவில்லை. நேச நாட்டுத் தரைப்படைகள் முன்னேறி, ஏவும் இடங்களில் தங்க முடியாதபடி செய்துவிட்டதுதான் காரணம். யாரும் வானத்தில் அதைத் தடுத்து நிறுத்தவில்லை.

இங்கே விவரம் தெரிந்தவர்கள் குறுக்கிடுவார்கள்: "1999 கோசோவோ? நேட்டோ 78 நாள் வெறும் வான்தாக்குதல்தானே நடத்தியது? யுகோஸ்லாவிய அதிபர் மிலோசெவிச் இறங்கி வந்தாரே!" நியாயமான கேள்வி. தரைப்படை இல்லாமல் ஒரு போரை முடிக்க முடியும் என்பவர்களின் கையில் இருக்கும் பலமான சீட்டு இதுதான். ஆனால் அந்த 78 நாளில் கோசோவோ கிராமங்களில் நடந்த விரட்டியடிப்பை ஆகாயத்திலிருந்து நிறுத்த முடியவில்லை. லட்சக்கணக்கானோர் அகதிகளானது குண்டுவீச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான். போர் முடிந்ததும் ஜூன் 12 அன்று நேட்டோவின் தரைப்படை உள்ளே போக வேண்டியிருந்தது. அதில் ஒரு வேடிக்கை. அவர்கள் போய்ச் சேருவதற்குள் போஸ்னியாவிலிருந்து சுமார் 200 ரஷ்ய வீரர்கள் வண்டிகளில் ஓட்டிவந்து பிரிஷ்டினா விமான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். உலகத்தின் மிகப் பெரிய விமானப்படைக் கூட்டணி, அந்த 200 பேரை என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்தது. விமான நிலையத்தை அடைக்கச் சொன்ன அமெரிக்கத் தளபதி கிளார்க்கின் உத்தரவை பிரிட்டிஷ் தளபதி மைக் ஜாக்சன் ஏற்க மறுத்தார். கடைசியில் பேசித்தான் தீர்த்தார்கள். நேட்டோ அனுப்பிய அமைதிப்படை இன்னும் அங்கே இருக்கிறது.

2006 லெபனான் போர் இதே பாடத்தின் இன்னொரு பக்கம். இஸ்ரேல் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக அப்போது இருந்தவர் டான் ஹாலுட்ஸ், விமானப்படையிலிருந்து வந்தவர். லெபனானின் ஆயுதக் குழுவான ஹிஸ்புல்லாவின் நீண்ட தூர ராக்கெட்டுகளில் பெரும்பகுதியைத் தொடக்கத்திலேயே விமானங்கள் காலி செய்துவிட்டன. ஆனால் தோளில் தூக்கிப் போகக்கூடிய சின்ன ராக்கெட்டுகள் 34 நாளும் விழுந்துகொண்டே இருந்தன. மொத்தம் 4,000 பக்கம். போர்நிறுத்தத்துக்கு முந்தைய நாள்கூட 200க்கும் மேல். அடுத்த ஆண்டு ஜனவரியில் ஹாலுட்ஸ் பதவி விலகினார்.

சரி, ஏவுகணைக்கு நியாயம் செய்ய வேண்டாமா? செய்கிறேன். நம் நாட்டிலேயே அதற்கு நல்ல ஜோடி இருக்கிறது.

2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றத் தாக்குதல் நடந்தது. பதிலடியாக ஆபரேஷன் பராக்ரம் என்று சுமார் 5 லட்சம் வீரர்களை எல்லைக்கு நகர்த்தினோம். ரயில் ரயிலாக டாங்கிகள் போயின. கண்ணிவெடி புதைத்தார்கள், புதைக்கும்போதே பலர் இறந்தார்கள். படை தயாராகி முடிக்கவே வாரக்கணக்கில் ஆனது. அதற்குள் உலக நாடுகள் எல்லாம் டெல்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் வந்து போய்விட்டன. பத்து மாதம் வெயிலிலும் பனியிலும் நின்றுவிட்டு 2002 அக்டோபரில் திரும்பி வந்தார்கள். சண்டையே நடக்கவில்லை.

2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மே 7 அதிகாலை, ஆபரேஷன் சிந்தூரில், எல்லைக்கு அப்பால் ஒன்பது இடங்களில் அடி விழுந்தது. 10ஆம் தேதி பாகிஸ்தானின் விமானத்தளங்கள் அடி வாங்கின. அன்று மாலை சண்டை நின்றது. ஒரு பட்டாலியன்கூட எல்லையைத் தாண்டிப் போகவில்லை. தண்டிக்க வேண்டும், ஆனால் நிலம் வேண்டாம், இரண்டு பக்கமும் அணுகுண்டு இருப்பதால் பெரிய சண்டையும் வேண்டாம் என்றால், அங்கே ஏவுகணை தரைப்படையின் இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. இதை மறுப்பது வீண். டாங்கிகளைக் கொண்டு எல்லைக்கு அப்பால் ஒரு வாய்க்கால்வரை பிடித்து, பேச்சுவார்த்தையில் திருப்பிக் கொடுக்கும் பழைய பாணி இனி வருமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அதே நாட்களில் எல்லைப் பக்கம் வந்த ட்ரோன்களில் பலவற்றை அடித்தது ராணுவத்தின் எல்-70 விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள். அரை நூற்றாண்டுக்கு முந்தைய சரக்கு, புது ரேடாரும் கேமராவும் பொருத்தியது. மலிவான ட்ரோனுக்கு விலை உயர்ந்த ஏவுகணையைச் செலவழிக்கக் கட்டுப்படியாகாது, அதுதான் காரணம்.

கடலிலும் அப்படித்தான். 2022 ஏப்ரலில் யுக்ரேனின் இரண்டு நெப்டியூன் ஏவுகணைகள் மாஸ்க்வா என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தன. கருங்கடல் படையின் தலைமைக் கப்பல் அது. சொல்லிக்கொள்ளும்படியான கடற்படை யுக்ரேனிடம் இல்லை, ஆனாலும் ரஷ்யக் கடற்படை கரையிலிருந்து விலகிப் போக வேண்டியதாயிற்று. பாம்புத் தீவிலிருந்த ரஷ்யக் காவல்படை ராக்கெட்டுகளும் பீரங்கியும் கொடுத்த அடி தாங்காமல் ஜூன் 30 அன்று கிளம்பியது. இங்கும் ஒரு சின்னக் குறிப்பு: ஜூலை முதல் வாரத்தில் யுக்ரேன் வீரர்கள் படகில் போய்க் கொடி நட்டார்கள். துரத்த ராக்கெட் போதும், நமது என்று சொல்ல ஆள் போக வேண்டும்.

நிலத்தைப் பிடிப்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். கார்கில், 1999. டைகர் ஹில் 16,000 அடிக்கு மேல். ஸ்ரீநகர்-லே சாலையில் போகும் லாரி ஒவ்வொன்றும் அந்த வட்டாரத்துச் சிகரங்களில் இருப்பவர்களுக்குத் தெரியும். பாகிஸ்தான் வீரர்கள் பாறை இடுக்கில் கல்லை அடுக்கிப் பங்கர் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஜூன் 24 அன்று மிராஜ்-2000 விமானம் லேசர் வழிகாட்டும் குண்டை நேராக அந்த உச்சியிலிருந்த முகாமின் மீது போட்டது. குறி தப்பவில்லை. பீரங்கிகளும் விடாமல் அடித்தன. அந்தப் போர் முழுக்க நம் பக்கத்திலிருந்து பாய்ந்த குண்டுகள் சுமார் 2.5 லட்சம்.

இவ்வளவுக்கும் பிறகு டைகர் ஹில் நம் கைக்கு வந்தது ஜூலை 4 அன்று. லேசர் குண்டு விழுந்து பத்து நாள் கழித்து. 18 கிரெனடியர்ஸ் என்ற பட்டாலியனின் சிறு அணி ஒன்று ராத்திரியில் செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி ஏறியது. எதிரி எதிர்பார்க்காத பக்கம் அது, ஏனென்றால் அந்தப் பக்கம் யாராலும் ஏற முடியாது என்பது எல்லோருடைய கணக்கு. பாதி வழியில் மேலிருந்து துப்பாக்கிச்சூடு வந்தது. முன்னால் போனவர்கள் விழுந்தார்கள். 19 வயது யோகேந்திர சிங் யாதவ் உடம்பில் குண்டுகளோடு மேலே ஏறி, முதல் பங்கருக்குள் கையெறி குண்டு போட்டார். 43 கிலோ பீரங்கிக் குண்டு பக்கத்தில் விழுந்தும் அசையாத பங்கர், உள்ளே கையை நீட்டிப் போட்ட சின்னக் குண்டில் அடங்கியது. அந்த அணியில் பெரும்பாலோர் திரும்பவில்லை. யாதவ் பிழைத்து பரம்வீர் சக்கரம் வாங்கினார்.

அதே போரில் பட்டாலிக் பகுதியில் மே 29 அன்று விழுந்தவர் திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன். அவர் உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த மேடு கைக்கு வந்த பிறகுதான் முடிந்தது.

மேடு கைக்கு வந்த பிறகு என்ன என்பதை யாரும் யோசிப்பதில்லை. எங்கள் மைதானத்தில் பையன்களை ஓடவிடுபவர் ஒரு ரிட்டயர்டு சுபேதார். ஊரில் 'மிலிட்டரிக்காரர்' என்றால் அவர்தான். காஷ்மீரில் பாகிஸ்தானை ஒட்டிய கட்டுப்பாட்டுக் கோட்டில் ஒரு காவல் நிலையில் இரண்டு குளிர்காலம் இருந்திருக்கிறார். அங்கே பெரிய ஆயுதம் எது என்று ஒருமுறை கேட்டேன். "பால் டின்" என்றார். காலியான டின்னில் நாலு கூழாங்கல்லைப் போட்டு முள்கம்பியில் கட்டித் தொங்கவிடுவார்களாம். ராத்திரி அது குலுங்கினால் எழுந்து பார்க்க வேண்டும். காற்றா, நரியா, ஆளா? பத்தில் ஒன்பது தடவை காற்றுதான். "தம்பி, அடிக்கிறது ஒரு நிமிஷ வேலை. அப்புறம் காவல் இருக்கணும் பாரு, அது வருஷக்கணக்கு. ராக்கெட் காவல் இருக்குமா?"

இப்போது யுக்ரேனுக்கு வருவோம், ஏனென்றால் இன்றைய போரின் பரிசோதனைக்கூடம் அது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா முதல் நாளிலேயே 100க்கும் மேற்பட்ட ஏவுகணைகளை வீசியது. அக்டோபரிலிருந்து மின்நிலையங்களைக் குறிவைத்து அடித்தது. நகரங்கள் இருளில் கிடந்தன. ஆனால் அந்த ஏவுகணைகளுக்குப் பயந்து ஒரு மாவட்டம்கூட ரஷ்யாவிடம் போகவில்லை. போனதெல்லாம் தரைப்படை போய்ப் பிடித்ததுதான்; பாக்முத், அவ்தீவ்கா மாதிரி நகரங்களைத் தெருத் தெருவாக, வீடு வீடாக, மாதக்கணக்கில் ஆட்களைக் கொட்டிப் பிடித்தார்கள். செப்டம்பரிலேயே 3 லட்சம் பேரைப் புதிதாகப் படைக்கு அழைக்க புதின் உத்தரவிட்டார். ஏவுகணைக் கிடங்கு நிறைந்திருந்த நாடு ஆள் இல்லை என்று தேட வேண்டியிருந்தது.

ஏவுகணையும் சிப்பாயும் சேர்ந்து வேலை செய்த இடம், ரஷ்யா பிடித்திருந்த தெற்கு யுக்ரேன் நகரமான ஹெர்சோன். யுக்ரேன் ஹைமார்ஸ் ராக்கெட்டுகளால் நீப்பர் ஆற்றின் மேலிருந்த அன்டோனிவ்கா பாலத்தை மாதக்கணக்கில் ஓட்டை போட்டுக்கொண்டே இருந்தது. ரஷ்யப் படைக்குச் சாப்பாடும் குண்டும் வருவது சிக்கலானது. அதே சமயம் வடக்கிலிருந்து காலாட்படை நெருக்கிக்கொண்டு வந்தது. நவம்பர் 11 அன்று ரஷ்யர்கள் நகரத்தைவிட்டு ஆற்றைத் தாண்டிவிட்டார்கள். பாலத்தை மட்டும் அடித்திருந்தால் ரஷ்யர்கள் படகு கட்டிச் சமாளித்திருப்பார்கள். காலாட்படை மட்டும் போயிருந்தால் இன்னும் எத்தனை ஆயிரம் உயிர் போயிருக்குமோ.

அப்புறம் ட்ரோன் வந்தது. என் பார்வையில் தரைப்படையின் வாழ்க்கையை ஏவுகணையைவிட அதிகமாகப் புரட்டிப்போட்டது இதுதான். முன்வரிசையிலிருந்து பல கிலோமீட்டர் ஆழத்துக்கு வானத்தில் எப்போதும் ஒரு கண் இருக்கிறது. ஐம்பது பேர் ஒரு வண்டியில் சேர்ந்து போவதெல்லாம் தற்கொலை. இரண்டு பேர், மூன்று பேராகப் பிரிந்து, மரத்துக்கு மரம் ஒதுங்கி, பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து தங்கள் குழிக்குப் போகிறார்கள். போனால் மாதக்கணக்கில் திரும்ப முடிவதில்லை. தண்ணீர் பாட்டிலையும் பேட்டரியையும் ட்ரோன்தான் மேலிருந்து போடுகிறது. அலைவரிசையை முடக்கினாலும் வேலை செய்யட்டும் என்று கண்ணாடி இழையை வாலில் கட்டிப் பறக்கும் ட்ரோன்கள் வந்தன. அந்த இழைகள் அறுந்து விழுந்து, கிழக்கு யுக்ரேனின் தோன்பாஸ் வயல்களில் காலை வெயிலில் சிலந்தி வலை மாதிரி மின்னுகின்றன. கோதுமை விளைந்த மண்.

முன்னே சொன்ன விதிவிலக்கு இங்கேதான். 2025 ஜூலையில், காலாட்படையை அனுப்பாமல் ட்ரோன்களையும் தரையில் ஓடும் ரோபோக்களையும் மட்டுமே வைத்து ஒரு நிலையைத் தாக்கியதாக யுக்ரேனின் 3வது தாக்குதல் படைப்பிரிவு அறிவித்தது. உள்ளே இருந்த ரஷ்யர்கள் ரோபோவிடம் சரணடைந்தார்களாம். ஆக, இயந்திரத்திடமும் கையைத் தூக்கலாம் என்றாகிவிட்டது. ஆனால் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், சோதித்து, காயத்துக்குக் கட்டுப்போடுவது மனிதர்கள்தான். பத்து வருடம் கழித்து இந்தப் பத்தியைத் திருத்த வேண்டி வரலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ட்ரோனால் வென்ற போர் என்று எல்லோரும் சொல்லும் 2020 நகோர்னோ-கராபாக் போரிலும் கடைசிக் கட்டம் ஆட்கள் நடந்து போய் முடித்ததுதான். அஜர்பைஜானின் ட்ரோன்கள் ஆர்மீனிய டாங்கிகளையும் பீரங்கிகளையும் வாரக்கணக்கில் பொறுக்கிப் பொறுக்கி அழித்தன, உண்மை. ஆனால் போரை முடித்தது ஷுஷா. மலை உச்சியில், செங்குத்துப் பாறைக்கு மேல் இருக்கும் ஊர். சிறப்புப் படையினர் காட்டுப் பள்ளத்தாக்குகள் வழியாக நாள்கணக்கில் நடந்து, பாறையில் ஏறி, கையில் தூக்கக்கூடிய ஆயுதங்களை வைத்து தெருச்சண்டை போட்டார்கள். ஊர் விழுந்த ஓரிரு நாளில் போர்நிறுத்தம் வந்துவிட்டது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை. ஏவுகணைக்கு உள்ளே எட்டிப் பார்க்கத் தெரியாது. 2025 ஜூன் 22 அன்று அமெரிக்கா ஈரானின் ஃபோர்டோ, நடான்ஸ் அணு நிலையங்கள் மீது 13 டன் எடையுள்ள குண்டுகள் 14 போட்டது. இஸ்ஃபஹான் மீது டோமஹாக் ஏவுகணைகள். மலையில் ஓட்டை தெரிந்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆளாளுக்கு ஒரு முடிவு சொன்னார்கள். ஆனால் 60 சதவீதம் செறிவூட்டிய 400 கிலோவுக்கு மேற்பட்ட யுரேனியம் உள்ளே புதைந்ததா, முன்னாலேயே வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்களா என்று பல வாரங்களுக்குப் பிறகும் சர்வதேச அணுசக்தி முகமையால் உறுதிசெய்ய முடியவில்லை. கதவைத் திறந்து உள்ளே போய் எண்ணிப் பார்க்க ஆள் இல்லை.

ஏவுகணை நிறைய வைத்திருக்கும் இரண்டு நாடுகள் மோதினால் சண்டை ஏவுகணையில்தான் நடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2020 ஜூன் 15, கல்வான் பள்ளத்தாக்கு. இந்தியாவிடம் அக்னி-5 இருக்கிறது, 5,000 கிலோமீட்டர் போகும். சீனாவிடம் ஏவுகணைக்கென்றே தனிப்படை இருக்கிறது. ஆனால் அன்று ராத்திரி கல்லும், ஆணி அடித்த தடியும், கைகளும்தான். இந்திய-சீன எல்லைக் கோட்டருகே துப்பாக்கி சுடுவதில்லை என்று ஒப்பந்தம் இருந்தது. உறைபனி ஆற்றோரம் இருட்டில் நடந்த கைகலப்பில் நம் 20 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. பீரங்கிப் படைக்காரர். பல கிலோமீட்டர் தூரத்தில் நின்று அடிக்கப் பயிற்சி பெற்றவர், முகத்துக்கு முகம் நடந்த சண்டையில் போய்ச் சேர்ந்தார். பிரம்மோஸ் ஒப்பந்தத்தில் 1998இல் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்ட அப்துல் கலாமும் அதே மாவட்டத்துக்காரர்.

தெருக்காரருக்கு இன்று நான் சொல்லும் பதில் இவ்வளவுதான் ஆகும். ஆள் எண்ணிக்கை குறையலாம். சீனா 2015இல் தன் படையில் 3 லட்சம் பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னது, அந்த ஆண்டுக் கடைசியிலேயே ராக்கெட் படையைத் தனிப் பிரிவாக உயர்த்தியது. பாகிஸ்தான் 2025 ஆகஸ்டில் ராக்கெட் படைக்கெனத் தனித் தலைமையகம் அறிவித்தது. பணம் அந்தப் பக்கம் போகிறது. நம் பக்கம் நான்கு வருடத்துக்கென்று சேர்க்கப்படும் அக்னிவீரர்களில் நாலில் ஒருவர்தான் நான்கு வருடத்துக்கு மேல் தங்க முடியும், அது அந்தப் பையன் யோசிக்க வேண்டிய வேறு கணக்கு.

ஆனால் சிந்தூர் முடிந்த இரண்டரை மாதத்தில், 2025 ஜூலை 26 அன்று, திராஸில் கார்கில் வெற்றி தினத்தில் தரைப்படைத் தளபதி உபேந்திர திவேதி அறிவித்ததைப் பாருங்கள். ருத்ரா என்று காலாட்படை, டாங்கி, பீரங்கி, ட்ரோன் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்த பிரிகேடுகள். பைரவ் என்ற பெயரில் எல்லைக்கான சிறு கமாண்டோ பட்டாலியன்கள். ஒவ்வொரு காலாட்படை பட்டாலியனுக்கும் ஒரு ட்ரோன் பிளட்டூன். ஏவுகணைச் சண்டையை அப்போதுதான் முடித்துவிட்டு வந்த ராணுவம், காலாட்படையைக் கலைக்காமல் அதன் கையில் ட்ரோனைக் கொடுத்தது.

பையன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான். கல்யாண வீடுகளில் ட்ரோன் வைத்துப் படமெடுக்கும் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பறக்கவிடக் கற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் மிலிட்டரிக்காரர். 1,600 மீட்டரில் மட்டும் அவர் ஒரு நொடிகூடத் தள்ளுபடி கொடுக்கவில்லை.